மியூசிக் டீச்சருக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் பட்ஜெட்டைத் திறந்தேன் – கலிஃபோர்னியா பெற்றோர் கொஞ்சம் வாங்க

கூடல்நகர்_அம்மா · மார்ச் 21

வணக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் பே பக்கம் இருக்கோம். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (இந்தப் பக்கத்துப் பள்ளிகளை நடத்துற அமைப்பு) பெயர் வேண்டாம், பொண்ணு இன்னும் அங்கதான் படிக்கிறா. நாலாவது. ரெண்டு வருஷமா ஸ்கூல்ல வயலின் கத்துக்கிறா. போன வாரம் வீட்டுக்கு வந்ததும் "அம்மா, மிஸ் அழுதாங்க"ன்னு சொன்னா. விசாரிச்சா அந்த டீச்சருக்கு லே-ஆஃப் நோட்டீஸ் கொடுத்திருக்காங்க. கூடவே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ற ஸ்கூல் கவுன்சிலர் ஒருத்தருக்கும் கொடுத்திருக்காங்க. லைப்ரரி பார்த்துக்கிறவங்களுக்கு இனிமே பாதி நேரம்தான்.

ஸ்கூல் போர்டு, அதாவது டிஸ்ட்ரிக்டை நடத்த ஓட்டுப் போட்டு அனுப்பின அஞ்சு பேர், அவங்க மீட்டிங்குக்குப் போனோம். ஹால் நிறைஞ்சு வெளியில வரைக்கும் ஆள். பேசணும்னு சீட்டு எழுதிக் கொடுத்துட்டு உட்கார்ந்தோம். ஒன்பதேகாலுக்கு என் முறை வந்துச்சு. ஆளுக்கு ரெண்டு நிமிஷம், எதிர்ல டைமர் ஓடுது. பொண்ணு வயலின் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. நான் பேசி முடிச்சேன். அஞ்சு பேரும் என்னையே பார்த்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. அடுத்த பெயரைக் கூப்பிட்டாங்க. மதுரையில வார்டு கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் நின்னாக்கூட "பார்க்கலாம்மா"ன்னு ஒரு பதில் வரும்.

அன்னைக்கு ராத்திரி டிஸ்ட்ரிக்ட் சைட்ல பட்ஜெட்டைத் திறந்தேன். நூறு பக்கத்துக்கு மேல. எந்தப் பக்கத்துல ஆரம்பிக்கணும்னே தெரியல. எங்க ஸ்கூலுக்குப் பின்னாடி புது ஜிம் கட்டிக்கிட்டு இருக்காங்க. அதுக்குப் பணம் இருக்கு, டீச்சருக்கு இல்லையா? யாராவது இதைப் படிக்கச் சொல்லிக் கொடுங்க.

வீடு_வாங்கினவன் · மார்ச் 21

இதே கேள்வி எனக்கும் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி வீடு வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி 80கள்ல வாங்கினவங்க. ஒரே மாதிரி வீடு, அவங்க கட்டுற ப்ராப்பர்ட்டி டேக்ஸைப் போல நான் பல மடங்கு கட்டுறேன். இவ்வளவு கட்டியும் ஸ்கூல்ல டிஷ்யூ பேப்பர் பெற்றோர் வாங்கிக் கொடுக்கணும்னா அந்தப் பணம் எங்க போகுது? போர்டுல யாரோ திங்கிறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

மூணாவது_வரிசை · மார்ச் 22

ஆறு வருடமாக எங்கள் டிஸ்ட்ரிக்டின் எல்கேப் பெற்றோர் குழுவில் இருக்கிறேன். டிஸ்ட்ரிக்ட் தன் இலக்குகளையும் அவற்றுக்கான செலவையும் எழுதி வைக்கும் திட்டத்துக்குப் பெயர்தான் எல்கேப். சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. அது போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் வேறு.

முதலில் அந்த மௌனம். பிரவுன் சட்டம் என்று 1953-லிருந்து ஒன்று இருக்கிறது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும். அஜெண்டாவில் இல்லாததைப் போர்டு விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. ஐந்து பேரில் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிட்டு வரக் கூடாது என்பதும் இதே சட்டம்தான். நம் கண் முன்னால் பேசட்டும் என்பதற்காக வந்தது. ஆனால் சுருக்கமாக ஒரு பதில் சொல்வதையோ, "இதை விசாரித்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்" என்று அலுவலர்களிடம் கேட்பதையோ அது தடுக்கவில்லை. அதைக்கூடச் செய்யாமல் இருந்தது அவர்கள் பழக்கம். உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கல்விச் சட்டம் 35145.5-ஆம் பிரிவின்படி டிஸ்ட்ரிக்ட் சம்பந்தப்பட்ட விஷயத்தைப் பொதுமக்களே அஜெண்டாவில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள். அஜெண்டாவில் வந்துவிட்டால் பேசக் கூடாது என்று அவர்கள் சாக்குச் சொல்ல முடியாது.

அடுத்து ஜிம். அது பாண்டுப் பணம். 2000-இல் மக்கள் ஓட்டால் வந்த ப்ரொப்பசிஷன் 39 என்ற சட்டத்தின்படி 55 சதவீத ஓட்டு கிடைத்தால் டிஸ்ட்ரிக்ட் கடன் பத்திரம் வெளியிடலாம். அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் அதற்கான சாமான்களுக்கும் மட்டுமே செலவழிக்கலாம். ஆசிரியர் சம்பளத்துக்கு ஒரு டாலர்கூட எடுக்கக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பட்ஜெட்டில் அது ஃபண்ட் 21. உங்கள் டீச்சர் சம்பளம் வருவது ஃபண்ட் 01. ஒரு சட்டியில் இருப்பதை இன்னொரு சட்டியில் ஊற்ற முடியாது. "ஜிம்முக்குப் பணம் இருக்கிறதே" என்று மைக்கில் கேட்டால், "இவருக்குக் கணக்கு தெரியாது" என்று உங்கள் மற்ற கேள்விகளையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகத் தேதி. இதுதான் முக்கியம். ஆசிரியருக்கு லே-ஆஃப் முன்னறிவிப்பு கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 15. அதற்கு முன்பே எத்தனை இடத்தை எடுப்பது என்று போர்டு தீர்மானம் போட்டிருக்கும். அந்தத் தீர்மானத்துக்கு ஆதாரம் டிசம்பரில் வந்த கணக்கு. அக்டோபர் 31 வரையிலான வரவு செலவையும் அடுத்த இரண்டு வருட மதிப்பீட்டையும் சேர்த்து டிசம்பர் 15-க்குள் போர்டு ஒரு அறிக்கையை ஏற்க வேண்டும். ஃபர்ஸ்ட் இன்டரிம் என்பார்கள். அதில்தான் "இரண்டு வருடம் கழித்துப் பணம் போதாது" என்ற வரி முதன்முதலில் வருகிறது. எங்கள் டிஸ்ட்ரிக்டில் அந்த டிசம்பர் கூட்டத்துக்கு வந்த பெற்றோர் மொத்தம் நான்கு பேர். மார்ச்சில் முந்நூறு பேர் வந்தார்கள். நோட்டீஸ் எல்லாம் அதற்குள் அச்சாகியிருந்தது.

வீடு_வாங்கினவன் · மார்ச் 22

என் டேக்ஸுக்கு யாரும் பதில் சொல்லலையே.

கொங்கு_கணக்கு · மார்ச் 22

நான் சொல்றனுங்க. தொழில் ஆடிட்டிங். பிறந்த ஊரு பொள்ளாச்சி, இப்ப சான் ஹோசே பக்கம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி கட்டறது கம்மியா இருக்கறதுக்குக் காரணம் 1978-ல ஓட்டுப் போட்டு வந்த ப்ரொப்பசிஷன் 13. வாங்கின விலையில ஒரு சதவீதம் வரி. வீட்டு மதிப்பை வருசத்துக்கு ரெண்டு சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாது. கை மாறினாலோ புதுசாக் கட்டினாலோதான் புது மதிப்பு. நீங்க கட்டறது அதிகம்ங்கறது உண்மை. ஆனா அது உங்க ஸ்கூலுக்கு அப்படியே போறதில்லீங்க. ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு இவ்வளவு சேரணும்னு மாநிலம் ஒரு சூத்திரம் வெச்சிருக்கு. உள்ளூர் சொத்து வரி எவ்வளவோ அதைக் கழிச்சு, மிச்சத்தை மாநிலம் கொடுக்குது. உள்ளூர் வரி ஏறுனா மாநிலத்துப் பணம் அந்த அளவுக்குக் குறையும். பாலோ ஆல்ட்டோ மாதிரி வரியே சூத்திரத்தைத் தாண்டற ஊருங்க மட்டும் மிச்சத்தைத் தாங்களே வெச்சுக்கலாம். அதுக்குப் பேரு பேஸிக் எய்ட்.

"யாரோ திங்கிறாங்க"ன்னு சொல்றது லேசுங்க. நான் பார்த்த வரைக்கும் திருட்டைக் காட்டிலும் குழப்பம்தான் அதிகம். அந்தக் குழப்பத்தை யாரும் தெளிய வைக்கறதில்லைங்கறதுதான் என் வருத்தம்.

பட்ஜெட் படிக்கறவங்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்றன். ஜூன் மாசம் போர்டு பட்ஜெட் ஏத்துக்கறப்ப அதுலயே "இந்த வருசம் முடியறப்ப இவ்வளவு மிச்சம் இருக்கும்"னு ஒரு பத்தி இருக்கும், எஸ்டிமேட்டட் ஆக்சுவல்ஸ். செப்டம்பர் 15-க்குள்ள உண்மையான கணக்கு வரும், அன்ஆடிட்டட் ஆக்சுவல்ஸ். ரெண்டுலயும் கடைசி வரி, எண்டிங் பேலன்ஸ். அதைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒரு வருசம் வித்தியாசம் வந்தா சகஜம். அஞ்சு வருசம் எடுத்து, அஞ்சு வருசமும் செப்டம்பர் எண் பெருசா இருந்துச்சுன்னா, ஜூன்ல வேணும்னே இறுக்கிப் பிடிச்சுச் சொல்றாங்கன்னு அர்த்தம். உதாரணத்துக்கு, ஜூன்ல 6 மில்லியன் மிச்சம்னு சொல்லி செப்டம்பர்ல 11 வந்தா, அந்த நடு 5 எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. அனேகமா ஆள் எடுக்காத காலி இடத்துச் சம்பளமாத்தான் இருக்கும்.

மூணாவது_வரிசை · மார்ச் 23

கணக்கு சார் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 1991-இல் ரிச்மண்ட் டிஸ்ட்ரிக்டில் பணம் தீர்ந்துபோய், பள்ளி வருடத்தை ஆறு வாரம் முன்கூட்டியே முடிக்கப் போனார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்குச் சமமான கல்வி கொடுப்பது மாநிலத்தின் பொறுப்பு, பள்ளியை மூடவிடாதே என்று கோர்ட் சொன்னது. அந்த வருடமே ஏபி 1200 சட்டம் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டின் கணக்கையும் கவுன்ட்டி (மாவட்டக்) கல்வி ஆபீஸ் பார்க்கிறது. இந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் சமாளிக்கும் என்றால் பாசிட்டிவ், சந்தேகம் என்றால் குவாலிஃபைட், முடியாது என்றால் நெகட்டிவ். ஓக்லண்ட் 2003-இல் மாநிலத்திடம் 100 மில்லியன் டாலர் கடன் வாங்க வேண்டி வந்தபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த போர்டின் அதிகாரமே போய்விட்டது. 2009 வரைக்கும் மாநிலம் அனுப்பியவர்தான் நடத்தினார். இதை நேரில் பார்த்த எந்தக் கணக்கு அதிகாரியும் கையை விரித்துச் செலவழிக்க மாட்டார்.

1,001 முதல் 30,000 பிள்ளைகள் வரை உள்ள டிஸ்ட்ரிக்டுக்கு மாநிலம் கேட்கும் குறைந்தபட்ச இருப்பு செலவில் 3 சதவீதம். மூன்று சதவீதம் என்றால் பதினோரு நாள் செலவு. ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது.

கொங்கு_கணக்கு · மார்ச் 23

சரிங்க, மூணு வேணும். எட்டு, பத்து வெச்சிருந்தா வெச்சுக்கட்டும், நான் வேண்டாங்கலை. "நாங்க பத்து வெச்சிருக்கோம், இன்ன காரணத்துக்கு"ன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். இருக்கறதை இல்லைன்னு சொல்லித்தான் ஒரு டீச்சரை அழ வெக்கறாங்க. இருப்பு வெக்கறது நிர்வாகம். அதை மறைச்சுட்டு நோட்டீஸ் கொடுக்கறதுக்கு அந்தப் பேரு கிடையாதுங்க.

வீடு_வாங்கினவன் · மார்ச் 24

இப்ப ஓரளவு புரியுது. இன்னொண்ணு. சூத்திரம்னு சொன்னீங்களே, அதுல நம்ம மாதிரி ஊருக்குத் தலைக்குக் கம்மியா வருதாமே? நம்ம பசங்க நல்லா படிச்சா அதுக்குத் தண்டனையா?

ஃப்ரெஸ்னோ_டீச்சர் · மார்ச் 24

இதற்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் திருநெல்வேலிக்காரி. சென்ட்ரல் வேலியில் பதினோரு வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன்.

2013-இல் வந்த எல்சிஎஃப்எஃப் சூத்திரம் இது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு அடிப்படைத் தொகை. ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, பெற்றோரிடமிருந்து பிரித்து அரசு ஏற்பாட்டில் வேறு வீட்டில் வளரும் பிள்ளை – இவர்களில் ஒருவரானால் அடிப்படையில் 20 சதவீதம் கூடுதல். ஒரு டிஸ்ட்ரிக்டில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு இன்னும் 65 சதவீதம். என் வகுப்பில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பையன் திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பான். ஞாயிறு ராத்திரி வீட்டில் என்ன சாப்பிட்டான் என்று நான் கேட்பதில்லை. அவனுக்கு வரும் அந்தக் கூடுதல் தொகையில்தான் எங்கள் பள்ளியில் ஒரு ஸ்பானிஷ் தெரிந்த உதவியாளர் இருக்கிறார். உங்கள் பிள்ளையிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. சத்துணவு சாப்பிட்டுப் படித்து வந்த தலைமுறை நாம். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சண்டை போட வேண்டுமானால் அந்தக் கூடுதல் தொகை அந்தப் பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்ததா என்று சண்டை போடுங்கள். அதற்குத்தான் எல்கேப் இருக்கிறது. முந்தைய வருடம் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று அதில் தனிப் பட்டியல் இருக்கும். ஒதுக்கிவிட்டுச் செலவழிக்காமல் விட்டதை அதில் பார்க்கலாம். எங்கள் பக்கம் பெற்றோர் இரண்டு ஷிஃப்ட் வேலை செய்கிறார்கள், அதைப் படிக்க நேரமில்லை. படிக்க நேரமிருப்பவர்கள் நீங்கள்தான்.

வீடு_வாங்கினவன் · மார்ச் 24

டீச்சர், அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பட்டியல் எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்லுங்க, எங்க டிஸ்ட்ரிக்டோடதை நான் படிக்கிறேன்.

ஃப்ரெஸ்னோ_டீச்சர் · மார்ச் 24

"ஆனுவல் அப்டேட்" என்ற தலைப்பில் தேடுங்கள். நன்றி தம்பி.

எச்1பி_அப்பா · மார்ச் 26

நாங்க எச்1பி வேலை விசாவுல இருக்கோம், எங்களுக்கு ஓட்டு கிடையாது. நாங்க போய்ப் பேசினா கேப்பாங்களா? பெயர், விலாசம் எல்லாம் ரெக்கார்ட் ஆகுமேன்னு வீட்டுல பயப்படுறாங்க.

மூணாவது_வரிசை · மார்ச் 26

பயம் வேண்டாம். பேசக் குடியுரிமை தேவையில்லை. கூட்டத்துக்குள் நுழையப் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது, பிரவுன் சட்டத்தில் அது தெளிவாக இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தால் பேத்தியின் பள்ளியைப் பற்றித் தமிழிலேயே பேசலாம். எல்கேப் பெற்றோர் குழு, பள்ளி அளவில் பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் ஸ்கூல் சைட் கவுன்சில் எதற்கும் விசா கேட்க மாட்டார்கள். ஆவணம் கேட்பதற்கும் அப்படியே. பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டத்தில் யார் கேட்டாலும் பத்து நாளுக்குள் "தருகிறோம்" அல்லது "இன்ன காரணத்தால் முடியாது" என்று பதில் சொல்லியாக வேண்டும். ஓட்டையே எடுத்துக்கொண்டால்கூட, சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016-இல் வந்த ஒரு மாற்றத்தால் குடியுரிமை இல்லாத பெற்றோரும் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம். மாநிலம் முழுக்க அப்படியில்லை.

கொங்கு_கணக்கு · மார்ச் 27

நம்ம ஆளுகளுக்கே பிரத்தியேகமா ஒரு விசயம் சொல்லோணும். கலிஃபோர்னியால பணம் வர்றது எத்தனை பிள்ளை பேர் சேர்ந்திருக்காங்கன்னு பார்த்து இல்லீங்க, எத்தனை பிள்ளை தினம் வந்து உட்கார்ந்தாங்கன்னு பார்த்து. ஏடிஏ, சராசரி தினசரி வருகை. டிசம்பர்ல டிக்கெட் விலை பார்த்து ஊருக்குப் போறோம், பொங்கல் வரைக்கும் இருந்துட்டு வர்றோம். அந்த ஜனவரி ரெண்டு வாரம் ஸ்கூலுக்குப் பிள்ளை வரலைன்னா அந்தப் பணம் போச்சு. நம்ம பக்கம் சில ஸ்கூல்ல ஒரு வகுப்புக்கு அஞ்சாறு பேர் அப்படிப் போறாங்க. போகாதீங்கன்னு சொல்லலை, பாட்டி தாத்தாவைப் பார்க்கோணும். டிக்கெட் போட்ட அன்னிக்கே ஆபீஸ்ல "இண்டிபெண்டென்ட் ஸ்டடி"ன்னு கேளுங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, டீச்சர் கொடுக்கற வேலையைப் பிள்ளை செஞ்சு கொடுத்தா வருகையில சேரும். மதுரை வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து நாலு வொர்க்‌ஷீட் போடறதுல ஸ்கூலுக்குப் பணம் நிக்குது.

கூடல்நகர்_அம்மா · மார்ச் 27

இது எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு வருஷமா ஜனவரி 17க்குத்தான் திரும்பி வந்தோம். யாரும் சொன்னதில்லை. எங்க பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல போட்டுட்டேன்.

ஸ்காபரோ_வாசி · ஏப்ரல் 2

நான் கனடாவில இருந்து எழுதுறன். நீங்கள் கேள்வி கேக்கிறதுக்கு ஒரு போர்டாவது இருக்குது. எங்கட ஒன்ராறியோவில 1998-ல இருந்து போர்டுகளுக்குச் சொந்தமா வரி போடுற அதிகாரமே இல்லை, எல்லாம் மாகாணத்தின்ர கையில. 2025 ஜூனில ரொறன்ரோ பப்ளிக் போர்டு, ரொறன்ரோ கத்தோலிக்க போர்டு உட்பட நாலு போர்டுகளை மாகாணம் மேற்பார்வைக்குள்ள எடுத்தது. காசுக் கணக்குச் சரியில்லை எண்டு காரணம் சொன்னவை. நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின ட்ரஸ்டிமாருக்கு (போர்டு உறுப்பினருக்கு) முடிவெடுக்கிற அதிகாரம் இல்லாமல் போச்சு. ஸ்காபரோவில தமிழ்ப் பிள்ளையள் எவ்வளவு பேர் படிக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியும். முந்தி ஒரு பிரச்சினை எண்டால் ட்ரஸ்டிக்கு ஃபோன் எடுத்துத் தமிழிலயே கதைக்கலாம். தங்கச்சி, போர்டு வாய் திறக்கேல்லை எண்டு கவலைப்படுறீங்கள். அந்தக் கதிரையில உங்கட ஆக்கள் இருக்கும்போதே எழுதிக் கேட்டு வையுங்கோ.

தஞ்சை_பள்ளிக்குழு · ஏப்ரல் 3

நம்ம ஊர்லேருந்து ஒரு வரி. நான் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். 2009 கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவுல குழுவுல முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள், பள்ளிக்கு வர்ற மானியம் எப்படிச் செலவாச்சுன்னு பார்க்கறது நம்ம வேலைன்னு எழுதியிருக்கு. ஆனா தீர்மான நோட்டுல கையெழுத்து வாங்கும்போது மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுக் காட்டுங்கன்னு கேட்கவே எங்க தலைவி அக்காவுக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப பில்லைப் பார்த்துட்டுத்தான் போடுறாங்க. உங்க கணக்கு பெருசு. கேட்கிற கூச்சம் மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

கூடல்நகர்_அம்மா · மே 19

நோட்டீஸை உறுதி செய்யறதுக்குக் கடைசி நாள் மே 15. எங்க மியூசிக் டீச்சருக்குக் கொடுத்த நோட்டீஸை டிஸ்ட்ரிக்டே திரும்ப வாங்கிடுச்சு. கணக்கு எதிர்பார்த்ததைவிட நல்லா இருக்காம். குழுவுல எல்லாரும் சந்தோஷப்பட்டு மெசேஜ் போட்டாங்க. நான் போய் டீச்சரைப் பார்த்தேன். அவங்க ஏப்ரல்லயே இன்னொரு டிஸ்ட்ரிக்ட்ல சேர ஒப்புக்கிட்டாங்க. "ரெண்டு மாசம் சம்பளம் வருமா வராதான்னு தெரியாம என்னால இருக்க முடியல"ன்னு சொன்னாங்க. ஒத்தையா ஒரு குழந்தையை வளர்க்கிறாங்க. பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாள் சொல்லல.

மூணாவது வரிசை சார், நீங்க சொன்ன மாதிரி எழுதிக் கேட்டிருக்கேன்: அஞ்சு வருஷத்து ஜூன் எண், செப்டம்பர் எண் ரெண்டையும் ஒரே பக்கத்துல போர்டுக்குக் காட்டணும், அதை அஜெண்டாவுல வைக்கணும்னு.

கொங்கு_கணக்கு · மே 19

மனசு கஷ்டமா இருக்குதுங்க. இதுதான் நான் சொன்னது. பேப்பர்ல நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கலாம், ஆளைத் திரும்ப வாங்க முடியாது. அந்த இருப்புக்கு ஒரு விலை இருக்குதுன்னு அவங்க பட்ஜெட்டுல எந்த வரியிலும் எழுத மாட்டாங்க.

இன்னொரு இடமும் பாருங்க. 5800-ன்னு ஒரு குறியீடு, வெளியாள் சேவை, கன்சல்டன்ட் எல்லாம் அதுல. 1000 ஆசிரியர் சம்பளம், 2000 மத்த ஊழியர், 3000 அவங்க பென்ஷன், மருத்துவம், 4000 புத்தகம், சாமான். டீச்சர் எண்ணிக்கை குறையறப்ப 5800 ஏறுதான்னு பாருங்க. ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) பிள்ளைகளுக்கு ஆள் கிடைக்காம ஏஜென்சி வழியா எடுத்தாலும் அது ஏறும், அதனால எடுத்த எடுப்புல குத்தம் சொல்லாம விவரம் கேளுங்க. "வாரண்ட் ரெஜிஸ்டர்"னு செக் பட்டியல் கன்சென்ட் காலண்டர்ல வரும். நூறு இருநூறு பக்கம் இருந்தாலும் ஒரே ஓட்டுல எல்லாம் பாஸ் ஆகும். ஒரு போர்டு உறுப்பினர் "இதைத் தனியா எடுங்க"ன்னு சொன்னாப் போதும், தனியா விவாதம் நடக்கும்.

மூணாவது_வரிசை · ஜூன் 11

பட்ஜெட் பொது விசாரணையும் ஏற்புத் தீர்மானமும் ஒரே கூட்டத்தில் நடக்கக் கூடாது, இரண்டு கூட்டம் வேண்டும். எங்கள் இடத்தில் முதலாவது நேற்று நடந்தது, இரண்டாவது 24-ஆம் தேதி. யாரும் வரவில்லை. விடுமுறை தொடங்கிவிட்டது.

போர்டு தேர்தலைப் பற்றி யாரும் இங்கே பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் ஓட்டுச் சீட்டில் போர்டு இடம் ஜனாதிபதிக்கோ கவர்னருக்கோ கீழே எங்கேயோ இருக்கும். பலர் அதுவரைக்கும் இறங்குவதே இல்லை. நிறைய டிஸ்ட்ரிக்டுகள் இப்போது பகுதிவாரியாகத் தேர்ந்தெடுப்பதால் சில நூறு ஓட்டில் முடிவு மாறிவிடும். தெருத் தெருவாக நடந்து கதவைத் தட்ட ஆசிரியர் சங்கம் தயாராக இருக்கிறது, பெற்றோர் நாம் தயாராக இல்லை. சங்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். சம்பள ஒப்பந்தத்துக்குப் போர்டு ஓட்டுப் போடும் முன்பு அதன் செலவு இந்த வருடத்துக்கும் அடுத்து வரும் வருடங்களுக்கும் எவ்வளவு என்று பொதுவில் வெளியிட வேண்டும், அதே ஏபி 1200. சூப்பரின்டென்டென்டும் (டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரி) கணக்கு அதிகாரியும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தத் தாளை வேட்பாளரிடம் கொடுத்து, "இதை வைத்து எப்படி ஓட்டுப் போட்டிருப்பீர்கள்?" என்று கேளுங்கள். படித்தவர் யார் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022 பிப்ரவரியில் மூன்று போர்டு உறுப்பினர்களை மக்கள் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதே ஆண்டு புதுச் சம்பள மென்பொருள் சொதப்பி ஆசிரியர்களுக்குச் சம்பளம் சரியாகப் போகவில்லை. ஆளை மாற்றியது கோபத்துக்கு ஒரு வழி. கணக்கைக் கவனிப்பது வேறு வேலை, அது தேர்தலுக்கு அடுத்த நாளும் இருக்கும்.

கூடல்நகர்_அம்மா · செப்டம்பர் 18

வந்துருச்சு. அஜெண்டாவுல வெச்சாங்க, ரெண்டு தடவை ஞாபகப்படுத்தின பிறகு. கணக்கு அதிகாரி ஒரு பக்கம் போட்டுக் காட்டினார். அஞ்சு வருஷத்துல நாலு வருஷம் செப்டம்பர் எண் ஜூன் எண்ணைவிடப் பெருசு. மீதி ஒரு வருஷம் கிட்டத்தட்ட சமம். காரணம் கணக்கு சார் சொன்னதேதான்: ஆள் எடுக்காத இடங்களுக்கு முழுச் சம்பளத்தையும் எழுதி வெச்சிருக்காங்க.

கோபமாப் பேசணும்னு போனேன். ஆனா அவர் மரியாதையா விளக்கினார். மாநிலப் பணம் தாமதமா வந்த வருஷங்களைப் பார்த்தவர். "இதை இப்படி ஒரே பக்கத்துல யாரும் கேட்டதில்லை"ன்னு சொன்னார். ஒரு போர்டு உறுப்பினர், மார்ச்ல என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தவர்தான், அவரே மைக்கை எடுத்து, "நோட்டீஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, பிப்ரவரியிலேயே காலி இடங்களைக் கழிச்சுட்டு ஒரு கணக்கு எங்களுக்கு வேணும்"னு கேட்டார். தீர்மானமாப் போடல. ரெக்கார்டுல இருக்கு.

புது மியூசிக் டீச்சர் வாரத்துல ரெண்டு நாள் வர்றாங்க. பொண்ணு பழைய மிஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பெட்டிக்குள்ள ஒட்டி வெச்சிருக்கா. விரலை எங்க வைக்கணும்னு பென்சில்ல கோடு போட்டது.

வீடு_வாங்கினவன் · செப்டம்பர் 19

நானும் சொல்லணும். எங்க டிஸ்ட்ரிக்ட் எல்கேப்ல அந்த ஆனுவல் அப்டேட்டைப் படிச்சேன். ஆங்கிலம் கத்துக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு உதவியாளர்னு ஒதுக்கிட்டு ஒருத்தரைத்தான் எடுத்திருக்காங்க. மிச்சம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிருக்கு. குழுவுல சேர விண்ணப்பம் போட்டுட்டேன். டீச்சர், உங்க பையன் எப்படி இருக்கான்?

ஃப்ரெஸ்னோ_டீச்சர் · செப்டம்பர் 20

ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். காலையில் என் அறை வாசல் வழியாகத்தான் போகிறான், கை காட்டிவிட்டு.

கூடல்நகர்_அம்மா · டிசம்பர் 6

ஃபர்ஸ்ட் இன்டரிம் அஜெண்டா வந்துருச்சு, எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. அடுத்த வருஷங்களுக்கான மதிப்பீடு கடைசிப் பக்கங்கள்ல, எம்ஒய்பி-ன்னு தலைப்பு. மூணாவது வருஷப் பத்தியில இருப்பு மூணு சதவீதத்துக்குக் கீழ போகுதுன்னு காட்டியிருக்காங்க. காலி இடத்தைக் கழிச்ச கணக்கு அதுல இல்லை. அதைத்தான் கேட்கப் போறேன். குழுவுலேர்ந்து ஒன்பது பேர் வர்றோம், எச்1பி அப்பாவும் வர்றார், அவங்க அம்மா தமிழ்ல பேசறாங்க, மொழிபெயர்க்கறது நான். ஈஸ்ட் பே ஆளுங்க யாராவது வர்றதா இருந்தா தனிச் செய்தி அனுப்புங்க, இடம் சொல்றேன். ஆறரைக்கே வந்தா சீட்டு முதல்ல கொடுத்துடலாம், பசங்க தூங்கறதுக்குள்ள வீடு திரும்பிடலாம்.